சிங்கப்பூரும் துபாயும் திருச்சிக்கு ஒரே தூரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுக்கோட்டையில் விமான டிக்கெட் போட்டுத்தரும் கடை நடத்துகிறேன். எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள். மீதிப் பேர் துபாய், ஷார்ஜா, மஸ்கட், கோலாலம்பூர். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில் வந்த வெளிநாட்டுப் பயணப் பக்கத்தைப் பலரும் படித்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்கள். பக்கத்தின் கீழே இருந்த கட்டத்தில், திருச்சி - சிங்கப்பூர் 6 மணி 45 நிமிடம் என்றும், திருச்சி - துபாய் 2 மணி 45 நிமிடம் என்றும் அச்சாகியிருக்கிறது. இரண்டும் தவறு. இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய நாலேகால் மணி நேரம்தான் ஆகும்.

தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 2,980 கிலோமீட்டர். அதே திருச்சியிலிருந்து துபாய்க்கு சுமார் 2,940 கிலோமீட்டர். நாற்பது கிலோமீட்டர் வித்தியாசம் ஆகாயத்தில் மூன்று நிமிடம். சென்னையிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டும் இன்னும் நெருங்கிவிடும். சிங்கப்பூரும் துபாயும் ஆளுக்கு 2,900-த்துச் சொச்சம் கிலோமீட்டர். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நடுவில் நாம் இருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போகிறவர்களின் இரண்டு பெரிய திசைகளும் நம்மிடமிருந்து சமதூரத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. உங்கள் கட்டத்தைப் படித்தவர்களுக்கு இனி தெரியவே வழியில்லை.

தவறு எப்படி வந்தது என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிடும். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. உதாரணத்துக்கு, திருச்சியில் இரவு 11.30-க்கு ஏறுகிறவர் சிங்கப்பூரில் காலை 6.15-க்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரடியாகக் கழித்தால் ஆறே முக்கால் மணி. அந்த 6.15 என்பது நம்முடைய கடிகாரத்தில் விடியற்காலை 3.45. ஆக, பயணம் நாலேகால் மணி. துபாய்க்குக் காலை 10 மணிக்கு ஏறி அங்கே 12.45-க்கு இறங்குகிறவருக்குக் கழித்தால் வருவது இரண்டே முக்கால் மணி. உண்மையில் அவரும் நாலேகால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கட்டத்தைத் தயாரித்தவர் டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் அப்படியே கழித்துவிட்டார்.

இது வெறும் கணக்குப் பிழை என்று விட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் விமானத்தில் முதல்முறை தனியாகப் போகிறவர்களில் அம்மாக்கள் அதிகம். மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்று கூப்பிடுவார்கள். வீட்டில் யாருக்கும் கூடப் போக லீவு கிடைக்காது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, கையில் பாஸ்போர்ட்டும் மூட்டையில் பிரசவ லேகியமுமாக, வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறுவார். அவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கும். ஊசி போட்டுக்கொள்கிறவராக இருப்பார். ராத்திரி ஊசியைப் போட்டுக்கொண்டு ஏறுவதா, இறங்கிய பிறகு போடுவதா, அடுத்த வேளை எப்போது என்று அவருடைய டாக்டரிடம் கேட்கச் சொல்லுவோம். டாக்டர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை மணி நேரம் பயணம்? அங்கே போய் இறங்கும்போது நம்ம நேரம் என்ன?” என்பதுதான். அதற்கு “ஏழு மணி நேரம், பேப்பர்ல போட்டிருக்கு” என்று பதில் போனால், அவர் சொல்லும் ஆலோசனையும் அதற்கேற்றபடிதானே இருக்கும்?

போன திங்கட்கிழமை அப்படி ஒரு அம்மா உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். “தம்பி, நீங்க நாலு மணி நேரம்னு சொன்னீங்க, பேப்பர்ல ஏழுன்னு இருக்கே, வழியில எங்கயாவது நிறுத்துவானா?” என்று கேட்டார். வழியில் நிறுத்தமாட்டார்கள், நேராகத்தான் போகும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டி விளக்கினேன். கடைசியில் புரிந்தது. ஆனால் எனக்கும் அச்சடித்த பேப்பருக்கும் நடுவில் யாரை நம்புவது என்று அவர் தயங்கியதை மறக்க முடியவில்லை. அச்சில் வருவதை அப்படி நம்புகிறவர்களுக்காகத்தான் நாம் எண்களைச் சரியாகப் போட வேண்டும்.

இன்னொரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவர் துபாயில், சின்னவர் சிங்கப்பூரில். அவர்களுடைய தாயார் பல வருடமாக, “பெரியவன் பக்கத்துலதான் இருக்கான், ரெண்டரை மணி நேரத்துல வந்துருவான், சின்னவன்தான் தூரமாப் போயிட்டான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முறை அவசரத்துக்கு இருவரும் வரவேண்டியிருந்தபோது, பெரியவரின் விமானம் துபாயில் கிளம்பி ஐந்தரை மணி நேரம் கழித்து வருவதாகக் கடிகாரம் காட்டியது; சின்னவருடையது ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவதாகக் காட்டியது. வீட்டில் இருந்தவர்கள் குழம்பிப்போனார்கள். திரும்பி வரும்போது கடிகாரம் எதிர்ப்பக்கம் பேசும் என்பதை யாராவது முன்பே அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ரமலான் மாதத்தில் இந்தக் கேள்வி வேறு விதமாக வரும். நோன்பு வைத்துக்கொண்டு பயணம் செய்கிற பெரியவர்கள், “எத்தனை மணிக்குத் தம்பி நோன்பு திறக்கலாம்?” என்று கேட்பார்கள். மார்ச் மாதம் பகல் இரண்டு மணிக்குத் திருச்சியில் ஏறி சிங்கப்பூர் போகிற விமானத்தை வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் இருந்தால் ஆறே கால், ஆறரைக்குத்தான் சூரியன் மறையும். கிழக்கே பறந்துகொண்டிருப்பதால், இந்தியக் கடிகாரம் ஐந்தே கால் காட்டும்போதே சன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்துவிடும். தரையிறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். ஆகையால் பேரீச்சம்பழமும் தண்ணீரும் மேலே பெட்டியில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். அதே நாளில் மேற்கே துபாய்க்குப் போகிறவருக்குப் பகல் நீண்டுகொண்டே போகும். திருச்சியில் வீட்டார் நோன்பு திறந்த பிறகும் அவர் காத்திருக்க வேண்டும். எந்த நேரத்தைப் பார்ப்பது என்பதை அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் பயணம் எத்தனை மணி நேரம், சூரியன் எப்போது மறையும் என்கிற விவரத்தை நாம் சரியாகக் கொடுத்தால்தான் அவர்கள் கேட்கவே முடியும்.

இதைவிடப் பெரிய சேதம் தேதியில் நடக்கிறது. திருச்சியிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியவை. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.45 என்று இருந்தால், 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி வந்தால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இப்படி வந்து நின்ற குடும்பங்களை விமான நிலைய வாசலில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் செல்போனில் தாங்களாகவே டிக்கெட் எடுத்தவர்கள். மூன்று மாதச் சம்பளம் அந்த ஒரு ராத்திரியில் போய்விடும். வேலை அனுமதிச் சீட்டில் குறிப்பிட்ட நாளுக்குள் போய்ச் சேர வேண்டிய பையனாக இருந்தால் பணத்தோடு போகாது. நாங்கள் டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது மேலே பேனாவால் ‘சனி ராத்திரி 9 மணிக்குள் ஏர்போர்ட்டில் இருக்கவும்’ என்று கிழமையோடு எழுதித்தருவோம். வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுகிறார்கள் என்பதையும் அதிலேயே எழுதுவோம். பத்திரிகையும் இதைச் செய்யலாம். 00.45 என்று தனியாகப் போடாமல், ‘சனிக்கிழமை இரவு கழிந்து 12.45’ என்று போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

சிங்கப்பூர் போகிறவர்கள் இப்போது வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை அனுப்ப முடியும். அதிலும் கேட்பது இறங்கும் தேதி, சிங்கப்பூர்க் கணக்குப்படி. ராத்திரி 11.30-க்கு ஏறுகிறவர் ஏறும் தேதியைப் போட்டுவிட்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு எளிய வழி சொல்கிறேன். யாரும் தாளும் பேனாவும் இருந்தால் போட்டுப் பார்க்கலாம். போகும்போது டிக்கெட்டில் உள்ள நேரங்களைக் கழியுங்கள். 6 மணி 45 நிமிடம் வரும். திரும்பி வரும் டிக்கெட்டில் சிங்கப்பூர் இரவு 7.00, திருச்சி இரவு 8.45 என்று இருந்தால் கழித்தால் 1 மணி 45 நிமிடம். இரண்டையும் கூட்டினால் எட்டரை மணி. பாதியாக்குங்கள், நாலேகால். அதுதான் பயண நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் இரண்டரை வரும். அது இரண்டு ஊருக்கும் உள்ள மணி வித்தியாசம். போக வர இரண்டும் நேர் விமானமாக இருந்தால், உலகத்தில் எந்த இரண்டு ஊருக்கும் இது ஏறக்குறையப் பொருந்தும். மணி வித்தியாசத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

இனி தூரத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டத்தில் சிங்கப்பூருக்கு 1,610 மைல் என்றும், வேறொரு இடத்தில் அடைப்பில் 2,590 கிலோமீட்டர் என்றும் இருந்தது. 1,610 என்பது கடல் மைல். விமானத்துக்கும் கப்பலுக்கும் அந்த மைல்தான் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். நாம் சாலையில் எண்ணிய பழைய மைல் 1.609 கிலோமீட்டர். கடல் மைலைச் சாலை மைலாக நினைத்துப் பெருக்கினால் நானூறு கிலோமீட்டர் காணாமல் போய்விடும். சாலை மைலில் சொல்வதென்றால் சிங்கப்பூர் 1,850 மைல். கிலோமீட்டரில் மட்டும் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொரு கேள்வியைப் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். “அண்ணே, பிளைட் மணிக்கு 830 கிலோமீட்டர் போகுது. 2,980-ஐ 830-ஆல வகுத்தா மூணரை மணிதானே வருது, மீதி முக்கால் மணி நேரம் என்னாச்சு?” நல்ல கேள்வி. விமானக் கம்பெனி போடும் நேரம், வாசலில் சக்கரக் கட்டையை எடுத்து வண்டி நகர்ந்ததிலிருந்து, அங்கே போய் நின்று கட்டை போடும் வரைக்கும் உள்ள நேரம். ஓடுபாதைக்குப் போகிற நேரம், வரிசையில் நிற்கிற நேரம், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருக்கிற நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம். சாங்கி போன்ற நெரிசலான நிலையத்தில் இறங்க முறை வரும் வரை வளையம் போடவும் நேரிடும். தாமதம் என்ற பெயர் வராமலிருக்கக் கம்பெனிகள் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் போட்டுவைப்பதும் உண்டு. அதனால்தான் சில நாள் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டோம் என்று உள்ளே அறிவிக்கிறார்கள். நாலேகால் மணியைக் கொண்டு 2,980-ஐ வகுத்தால் மணிக்கு 700 கிலோமீட்டர்தான் வரும். வாசலிலிருந்து வாசலுக்கு அதுதான் உண்மையான வேகம். ஆசியாவுக்குள் இந்த அளவு தூரங்களுக்கு மணிக்கு 700 என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெரிதாகத் தப்பாது. சென்னை - கொழும்பு போன்ற குறுகிய தூரத்துக்கு இது பொருந்தாது. அங்கே ஏறி இறங்கவே பாதி நேரம் போய்விடும்.

நேர்க்கோடு என்று சொன்னேன். வங்கக் கடலைத் தாண்டி, நிக்கோபார் தீவுகளின் தென்பக்கம், சுமத்திராவின் வடமுனை, பிறகு மலாக்கா நீரிணை என்று அந்தக் கோடு போகும். விமானிகள் அந்தக் கோட்டை ஒட்டிய, ஏற்கனவே வகுத்துவைத்த வான்வழிகளில் போகிறார்கள். மழை மேகக் கூட்டம் பெரிதாக இருந்தால் விலகிப் போவார்கள். ஆகவே பறந்த தூரம் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம் ஆகாது என்பதையும் உங்கள் பக்கம் சொல்லியிருக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. தரையில் மேற்கிலிருந்து வீசுகிறது, அதனால் சிங்கப்பூருக்குப் போகிறவர்களை அது பின்னாலிருந்து தள்ளிவிடும் என்று நினைக்கத் தோன்றும். மேலே நிலைமை நேர்மாறு. அந்த மாதங்களில் தென்னிந்தியாவின் வானத்தில் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலமான காற்றோட்டம் ஓடுகிறது. இந்திய வானிலைத் துறையில் இருந்த பி. கோட்டீஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை உலக அளவில் பேசப்பட்டது. விமானங்கள் அந்தக் காற்றின் அடிப்பகுதியில் பறக்கின்றன. ஆகையால் ஆடி மாதம் சிங்கப்பூர் போகிறவருக்குச் சில நிமிடங்கள் கூடும், திரும்புகிறவருக்குக் குறையும். நம்முடைய வழியில் இது சிறிய வித்தியாசம். வடக்கே போனால் பெரிதாகிவிடும். டெல்லி - டோக்கியோ வழியில் குளிர்காலத்தில் மேற்குக் காற்று அவ்வளவு வேகமாக வீசுவதால், டோக்கியோவிலிருந்து திரும்ப ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆகிறது. ஒரே தூரம், இரண்டு நேரம். அப்படிப்பட்ட ஊர்களுக்குப் போக ஒன்றும் வர ஒன்றும் தனித்தனியாகப் போட வேண்டும்.

சிங்கப்பூர் நேரம் ஏன் இரண்டரை மணி என்று ஒரு வாசகர் உங்களைக் கேட்டால் சொல்வதற்கு ஒரு தகவல். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்னும், “சிங்கப்பூருக்கும் நமக்கும் ரெண்டு மணி வித்தியாசம்” என்பார்கள். அவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. அவர்கள் அங்கே இருந்த காலத்தில் இரண்டு மணிதான். மலேசியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று அந்நாட்டு அரசு முடிவு செய்தபோது, சிங்கப்பூரும் கூடவே மாறிக்கொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 அடித்ததும் கடிகாரத்தை அரை மணி தள்ளி 1982 புத்தாண்டு பிறந்துவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து இரண்டரை.

சூரியனைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தீர்க்கரேகையில் 25 பாகைக்குக் கொஞ்சம் கூடுதல். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் ஒரு மணி 41 நிமிடம்தான் சூரியனின் வித்தியாசம். மீதி முக்கால் மணிக்கும் மேலானது மனிதர்கள் கடிகாரத்தில் சேர்த்தது. அதனால்தான் சிங்கப்பூரில் வருடம் முழுக்கக் காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. காலை 6.15-க்கு இறங்கும் அம்மாக்கள், வெளியே கும்மிருட்டாக இருப்பதைப் பார்த்துவிட்டு, விமானம் சீக்கிரம் வந்துவிட்டதோ, கூப்பிட வரும் மகன் இன்னும் வரவில்லையோ என்று பதறிப்போகிறார்கள். இறங்கும்போது இருட்டாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று ஒரு வரி முன்பே தெரிந்திருந்தால் போதும்.

கப்பலில் போன காலத்தில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ‘ராஜுலா’ ஏறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போனவர். 1926-இல் கட்டிய கப்பல் அது. 1970-களின் தொடக்கம் வரை அந்த வழியில் ஓடியது. ஒரு வாரம் போல ஆகும். கப்பலில் கடிகாரத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளிவைத்துக்கொண்டே போவார்களாம். இறங்கும்போது உடம்பும் கடிகாரமும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் பயணம் முடிந்துபோனது. இன்றைக்கு ஒரே ராத்திரியில், தூக்கத்துக்கு நடுவில் இரண்டரை மணி நேரம் தாண்டிவிடுகிறோம். தூரம் பழையபடியே இருக்கிறது. அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் இப்போது கவனம் தேவைப்படுகிறது.

தூரம் பழையபடியே இருந்தும் பயண நேரம் அரசியலால் மாறுகிற ஊர்களும் ஆசியாவில் உண்டு. தைவானின் தைப்பேக்கும் சீனாவின் ஷாங்காய்க்கும் இடையே சுமார் 700 கிலோமீட்டர்தான். ஆனால் 2008 வரை வழக்கமான பயணிகள் ஹாங்காங் அல்லது மக்காவ் போய் விமானம் மாறித்தான் போக முடிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் வார இறுதி விமானங்கள் விட்டபோதுகூட ஹாங்காங் வான்வெளியைச் சுற்றித்தான் பறந்தன. டிசம்பரில் தைவான் நீரிணைக்கு மேலே நேர்வழி திறந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சமானது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியபோது, டெல்லியிலிருந்து தாஷ்கண்ட், அல்மாட்டிக்கு நம் விமானங்கள் போவதே நின்றுபோனது. நம் கம்பெனி அங்கே ஓட்டிய விமானங்களால் பாகிஸ்தானைத் தவிர்த்து அவ்வளவு தூரம் சுற்றிப் பறக்க முடியவில்லை. இப்படிப்பட்ட ஊர்களுக்கு நேரம் போடும்போது எந்தத் தேதியில் எடுத்த விவரம் என்பதையும் சேர்த்துப் போடுவது நல்லது.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த ஞாயிறே திருத்தம் வெளியிடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் போடாமல், அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில் போடுங்கள். இனி எந்த ஊருக்கும் பயண நேரத்தை மணி நிமிடமாகவே எழுதுங்கள். புறப்படும், இறங்கும் நேரங்களைப் போடுவதாக இருந்தால் பக்கத்தில் ‘இந்திய நேரம்’, ‘சிங்கப்பூர் நேரம்’ என்று பெயரோடு போடுங்கள். நள்ளிரவு தாண்டிய விமானங்களுக்குக் கிழமையை எழுதுங்கள். நேர் விமானமா, கொழும்பிலோ கோலாலம்பூரிலோ இறங்கி மாற வேண்டுமா என்று சொல்லுங்கள். மாறிப் போகும் பயணத்தில் காத்திருக்கும் நேரமும் சேர்ந்து ஒன்பது, பத்து மணி என்று இணையத்தில் காட்டும். அதையும் நேர் விமான நேரத்தையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் மறுபடி இதே குழப்பம்தான் வரும்.

திருச்சியில் 2024-இல் புதிய முனையம் திறந்த பிறகு எங்கள் பக்கத்திலிருந்து முதல்முறை பறக்கிறவர்கள் நிறைய வருகிறார்கள். அவர்களில் ஆங்கிலத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதவர்கள் பலர். அவர்களுக்குத் தமிழ்ப் பத்திரிகையை விட்டால் வேறு கதி இல்லை. பட்டியலைத் தயாரிக்கும் உங்கள் அலுவலக நண்பர் அச்சுக்குப் போகும் முன் எங்களைப் போன்ற டிக்கெட் கடைக்காரர் யாரிடமாவது ஒரு தடவை காட்டினால், ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவோம். நானே பார்த்துத்தரத் தயாராக இருக்கிறேன். என் கைபேசி எண்ணைத் தனியாக இணைத்திருக்கிறேன். அதை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
விமான டிக்கெட் முகவர் ஒருவர்,
புதுக்கோட்டை.